பி.ஆர். எந்த நாட்டுக்கு? சென்னை கன்சல்டன்சிகளின் 'இலவச மதிப்பீடு' எவ்வளவு தேறும்

நுங்கம்பாக்கம், தி. நகர், கிண்டி, அண்ணா நகர் என எந்தப் பக்கம் போனாலும் 'இலவச மதிப்பீடு' பலகையோடு ஒரு பி.ஆர். (வெளிநாட்டில் நிரந்தரக் குடியிருப்பு உரிமை) கன்சல்டன்சி கண்ணில் படும். உள்ளே நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். வயது, படிப்பு, வேலை பார்த்த வருஷம் கேட்டு பாயின்ட் கூட்டுவார்கள். 'கனடா, ஆஸ்திரேலியா இரண்டுக்குமே உங்களுக்குத் தகுதி இருக்கு' என்பார்கள். முதல் தவணைக்கு அன்றைக்கே கையெழுத்துக் கேட்பார்கள். மொத்தக் கட்டணம் லட்ச ரூபாயைத் தாண்டுவது சாதாரணம்.

இந்தச் சேவையைப் பற்றிய தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஃபார்ம் நிரப்ப, பேப்பர் அடுக்க இவர்களில் பலர் போதுமானவர்கள். எந்த நாடு என்று முடிவு செய்ய மட்டும் இவர்களிடம் போகாதீர்கள். பாயின்ட் கணக்கில் நாமே விண்ணப்பிக்கும் நாடுகளில்தான் கன்சல்டன்சிக்கு வியாபாரம் இருக்கிறது. ஜெர்மனி, சிங்கப்பூர், அயர்லாந்து மாதிரி வேலை கிடைத்த பிறகு பி.ஆர். வரும் நாடுகளில் அவர்கள் விற்க அதிகம் இல்லை. அதனால் அந்த நாடுகளின் பெயரே மதிப்பீட்டுத் தாளில் வராது. பலருக்குச் சரியான நாடு அந்தப் பட்டியலுக்கு வெளியே இருக்கிறது.

மதிப்பீட்டுத் தாளில் முதலில் பார்க்க வேண்டியது 'தகுதி' என்ற வார்த்தைக்குப் பின்னால் என்ன எண் இருக்கிறது என்பது. கனடாவின் ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர் பிரிவில் 100க்கு 67 எடுத்தால் தகுதி. ஆனால் அந்த 67 எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற விண்ணப்பதாரர் வரிசையில் நிற்க மட்டும்தான் அனுமதிக்கும். அழைப்பு வருவது 1200க்குப் போடப்படும் சி.ஆர்.எஸ். என்ற இன்னொரு கணக்கில். ஆஸ்திரேலியாவிலும் இதே கதைதான்: தகுதிக்கு 65 பாயின்ட், ஐ.டி. வேலைகளுக்கு நடைமுறையில் அழைப்பு வருவது அதைவிட மிக அதிகமான பாயின்ட்டுக்குத்தான். மதிப்பீட்டுத் தாளில் 67, 65 மட்டும் பெரிதாக அச்சாகி, சி.ஆர்.எஸ். எண் இல்லாமல் இருந்தால் அந்தத் தாளால் பயன் இல்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 29 வயது, திருமணம் ஆகவில்லை, பி.இ., ஓ.எம்.ஆரில் 4 வருஷ அனுபவம். ஐ.இ.எல்.டி.எஸ். ஜெனரல் தேர்வில் லிசனிங் 8, மற்ற மூன்றிலும் 7. கனடா கணக்கில் வயதுக்கு 110, பட்டத்துக்கு 120, ஆங்கிலத்துக்கு 124, பட்டமும் ஆங்கிலமும் சேர்ந்து 25, அனுபவமும் ஆங்கிலமும் சேர்ந்து 50. மொத்தம் 429. இவரே எம்.இ. முடித்தவர் என்றால் 469. 2025இல் நடந்த அழைப்புச் சுற்றுகள் எல்லாருக்கும் பொதுவாக நடக்கவில்லை. கனடாவிலேயே வேலை பார்த்தவர்கள், மாகாண நியமனம் பெற்றவர்கள், பிரெஞ்சு தெரிந்தவர்கள், சுகாதாரத் துறை, கல்வித் துறை, கைத்தொழில் என்று பிரித்துப் பிரித்துத்தான் நடந்தன. கனடா அனுபவம் உள்ளவர்களுக்கான சுற்றிலேயே கட்-ஆஃப் 500க்கு மேல். கனடாவில் ஒரு நாள்கூட வேலை பார்க்காத சென்னைக்காரர் 469ஐ வைத்துக்கொண்டு வரிசையில் நின்றால், நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். 2025 மார்ச் 25 முதல் கனடா ஆஃபர் லெட்டருக்குக் கொடுத்த 50, 200 பாயின்ட்டும் போய்விட்டது. 'ஆஃபர் லெட்டர் வாங்கித் தருகிறோம், பாயின்ட் ஏறும்' என்று இன்னமும் சொல்கிற இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

வயது இதில் கடிகாரம் மாதிரி ஓடுகிறது. கனடாவில் 30இல் 105, 35இல் 77, 40இல் 50, 45இல் பூஜ்ஜியம். துணையோடு விண்ணப்பித்தால் இந்த எண்கள் இன்னும் சற்றுக் குறையும். ஆஸ்திரேலியாவில் 25 முதல் 32 வரை 30 பாயின்ட், 33 முதல் 39 வரை 25, 40 முதல் 44 வரை 15, 45 ஆனால் கதவே மூடிவிடும். 32 வயது முடியப்போகிறவருக்கும் 36 வயதுக்காரருக்கும் ஒரே நாட்டைச் சொல்லும் ஆலோசகர் கணக்கே போடவில்லை என்று அர்த்தம். 36 வயதுக்காரர் கனடா கணக்கில் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஐந்தாறு பாயின்ட் இழப்பார். ஆஸ்திரேலியாவில் 39 முடியும்வரை அவருக்கு வயது பாயின்ட் குறையாது. அவருக்கு அவகாசம் உள்ள நாடு ஆஸ்திரேலியா.

கனடாவைக் கைவிட மனமில்லை என்றால் உருப்படியான வழி பிரெஞ்சு. ஆங்கிலத்தோடு நான்கு திறனிலும் பிரெஞ்சில் ஏறத்தாழ பி2 நிலை தொட்டால் 50 பாயின்ட் கூடுதல். அதைவிட முக்கியம், பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கான தனிச் சுற்று. 2025இல் அதன் கட்-ஆஃப் 379 வரை இறங்கியது. மேலே சொன்ன 429காரர் பிரெஞ்சு படித்தால் ஆட்டமே மாறிவிடும். காலேஜ் ரோட்டில் உள்ள அலியான்ஸ் ஃபிரான்ஸேஸில் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கினால், வேலை பார்த்துக்கொண்டே பி2 வர ஒன்றரை இரண்டு வருஷம் தாராளமாக ஆகும். பி1 சான்றிதழ் போதும் என்று நம்பி ஏமாறுகிறவர்கள் உண்டு. எண்ணப்படுவது டி.இ.எஃப். கனடா, டி.சி.எஃப். கனடா தேர்வுகளின் மதிப்பெண் மட்டும். நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், ஆசிரியர், எலக்ட்ரீஷியன், வெல்டர் போன்றோர் தங்கள் துறைக்கான சுற்றின் பட்டியலில் தங்கள் வேலைக் குறியீடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டே இறங்க வேண்டும். பட்டியல் வருஷா வருஷம் மாறுகிறது.

ஆஸ்திரேலியாவுக்கு வருவோம். சென்னை ஐ.டி. ஆட்கள் இடறி விழும் இடம் ஏ.சி.எஸ். (ஆஸ்திரேலியன் கம்ப்யூட்டர் சொசைட்டி) செய்யும் மதிப்பீடு. பட்டம் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டதாகவும் வேலைக்கு நெருக்கமாகவும் இருந்தால் அனுபவத்தில் 2 வருஷம் கழிப்பார்கள், நெருக்கமில்லை என்றால் 4 வருஷம். 8 வருஷ அனுபவம் என்று கன்சல்டன்சி 15 பாயின்ட் போடும். ஏ.சி.எஸ். கடிதம் வரும்போது 6 வருஷம்தான் எண்ணப்பட்டிருக்கும், அதற்கு 10 பாயின்ட்தான். இந்த 5 பாயின்ட்டில்தான் அழைப்பு வருவதும் வராததும் தீர்மானமாகிறது. 31 வயது தனியாளுக்கு வயது 30, பி.இ. 15, நான்கிலும் 8 எடுத்த ஆங்கிலம் 20, அனுபவம் 10, தனியாள் என்பதற்கு 10 என்று 85 வரும். மாநில நியமனத்தோடு வரும் 190 விசாவில் 5 கூடி 90. பிராந்தியப் பகுதிக்கான 491இல் 15 கூடி 100. ஆனால் 491 பி.ஆர். இல்லை. 5 வருஷ தற்காலிக விசா, குறித்த பகுதியில் 3 வருஷம் வாழ்ந்து வேலை பார்த்த பிறகுதான் 191 வழியாக பி.ஆர். அதைப் 'பி.ஆர். விசா' என்றே சொல்லி விற்பது இந்த ஊரில் சகஜம், கவனம்.

மெக்கானிக்கல், சிவில்காரர்களை மதிப்பிடும் அமைப்பு இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா. பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2014இல் முழு உறுப்பினர் ஆனது. ஆனாலும் தேசிய அங்கீகார வாரியமான என்.பி.ஏ.வின் டயர்-1 அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்குத்தான் அந்தச் சலுகை. மற்றவர்கள் தாங்கள் பார்த்த வேலையை விவரிக்கும் மூன்று கேரியர் எபிசோடுகள் எழுத வேண்டும். இதை எழுதிக் கொடுக்கவே இங்கே தனி வியாபாரம் நடக்கிறது, ஒரே பாலத்தை, ஒரே கன்வேயரைப் பத்துப் பேருக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். பிறர் எழுத்தோடு பொருந்துகிறதா என்று மென்பொருள் வைத்துப் பார்க்கிறார்கள். சிக்கினால் நிராகரிப்போடு, குறிப்பிட்ட காலம் மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாது. நீங்கள் பார்த்த வேலையை நீங்களே எழுதுங்கள். எந்த வரைபடம், என்ன கணக்கு, எந்த முடிவு உங்களுடையது என்பதுதான் அவர்களுக்கு வேண்டும்.

கணவனோ மனைவியோ கூட வந்தால் ஒரு சிறு கடிதம் பெரிய தொகையை மிச்சப்படுத்தும். துணைக்கு அடிப்படை ஆங்கிலம் உண்டு என்று காட்டாவிட்டால் இரண்டாம் தவணையாகக் கிட்டத்தட்ட 5,000 ஆஸ்திரேலிய டாலர் கட்டச் சொல்வார்கள். பட்டப்படிப்பு ஆங்கில வழியில் நடந்தது என்று கல்லூரி லெட்டர்ஹெட்டில் ஒரு சான்று வாங்கினால் போதும். தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கு அந்தக் கடிதம் கிடைக்காது. அவர்கள் ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் சராசரி 4.5 எடுத்தால் போதும், அது கடினமில்லை.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வாகனத் தொழிற்சாலைகளில் டிசைன், ஆட்டோமேஷன், குவாலிட்டி பார்க்கிறவர்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை ஜெர்மனி. கன்சல்டன்சியில் இதைச் சொல்ல மாட்டார்கள். பட்டதாரி ஊழியர்களுக்கான வேலை அனுமதியான ப்ளூ கார்டுக்கு 2025இல் ஆண்டுச் சம்பள வரம்பு 48,300 யூரோ. இன்ஜினியர், ஐ.டி. போன்ற பற்றாக்குறைத் துறைகளுக்கு 43,759.80 யூரோ. ப்ளூ கார்டில் 27 மாதம் வேலை பார்த்தால் நிரந்தரக் குடியிருப்பு, பி1 ஜெர்மன் இருந்தால் 21 மாதத்திலேயே. செய்ய வேண்டிய முதல் காரியம், வெளிநாட்டுப் பட்டங்களை ஜெர்மனி எப்படி மதிப்பிடுகிறது என்று காட்டும் அனாபின் தரவுத்தளத்தில் உங்கள் பல்கலைக்கழகம் எச்-பிளஸ் (அங்கீகரிக்கப்பட்டது) என்று இருக்கிறதா, உங்கள் பட்டம் அதன் கீழே பட்டியலில் உண்டா என்று பார்ப்பது. பட்டம் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் இசட்.ஏ.பி. அமைப்பிடம் ஒப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும், கட்டணம் 208 யூரோ. இரண்டாவது, நுங்கம்பாக்கம் ரட்லண்ட் கேட்டில் உள்ள கோதே இன்ஸ்டிடியூட்டில் மொழி. ஐ.டி.யில் ஆங்கிலத்தோடு சமாளிக்கலாம். தொழிற்சாலைத் தளத்தில் பி1 இல்லாமல் இன்டர்வியூ அழைப்பே அரிது. 2024 ஜூனில் வந்த சான்சன்கார்டே என்பது வேலை தேடிப் போகும் அனுமதி, ஒரு வருஷச் செலவுக்கான பணத்தை முடக்கிக் காட்ட வேண்டும். மொழி இல்லாமல் அதில் போய் இறங்குவதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. அதை 'ஜெர்மனி பி.ஆர்.' என்று யாராவது விற்றால் அது பொய்.

சிங்கப்பூர் நாலு மணி நேரத்தில் போய்விடலாம், தமிழ் ஆட்சிமொழி, பிள்ளை பள்ளியிலும் தமிழ் படிக்கும். ஆனால் அங்கே பாயின்ட் பட்டியல் எதையும் வெளியிடுவதில்லை. வேலை அனுமதியில் இருந்துகொண்டு விண்ணப்பிக்க வேண்டும், ஏன் மறுத்தார்கள் என்றும் சொல்ல மாட்டார்கள். ஆண் குழந்தை இருக்கிறவர்கள் ஒன்றைத் தெளிவாகப் பேசி முடிவெடுக்க வேண்டும்: பெற்றோர் வழியாக பி.ஆர். பெறும் பையனுக்கு முழுநேர ராணுவச் சேவை 2 வருஷம் கட்டாயம். அதைத் தவிர்த்து பி.ஆரை விட்டால், பின்னாளில் அங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ அவன் விண்ணப்பிக்கும்போது அது எதிராக நிற்கும்.

பிரிட்டனை இப்போதைக்குத் தள்ளி வைக்கலாம். 2025 ஜூலை 22 முதல் ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கான பொதுவான சம்பள வரம்பு 41,700 பவுண்டு. அதே நாளில் வெளிநாட்டிலிருந்து பராமரிப்புப் பணியாளர்களை எடுப்பதும் நின்றது. ஆளுக்கு வருஷம் 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணம் வேறு. 5 வருஷத்தில் கிடைத்த நிரந்தரக் குடியிருப்பை 10 வருஷமாக்கும் திட்டத்தை அரசு 2025 மே மாதமே வெளியிட்டது. அமெரிக்காவில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பால் இந்தியர்களுக்கான வேலைவழி கிரீன் கார்டு வரிசை பத்தாண்டைத் தாண்டி நிற்கிறது. சம்பாதிக்கப் போகலாம், பி.ஆரை மனத்தில் வைத்துப் போகாதீர்கள். துபாய் கோல்டன் விசா 10 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பது, பி.ஆர். இல்லை. சில லட்சத்தில் வாழ்நாள் கோல்டன் விசா என்று 2025 ஜூலையில் பரவிய செய்தியை அமீரக அரசே மறுத்தது.

மதிப்பீட்டுத் தாளில் இல்லாத இன்னொரு கேள்வி அப்பா அம்மாவைப் பற்றியது. சென்னையில் பி.ஆர். யோசிக்கும் வீடுகளில் உண்மையான முடிவு இதில்தான் இருக்கிறது. கனடாவில் பெற்றோர் ஸ்பான்சர்ஷிப்புக்கு 2020இல் பதிந்தவர்களிலிருந்தே வருஷக்கணக்காக ஆள் எடுத்தார்கள், புதிதாகப் போகிறவர் அதை நம்பக் கூடாது. நம்பக்கூடியது சூப்பர் விசா, ஒரு முறை போனால் 5 வருஷம் வரை தங்கலாம், ஆனால் மருத்துவக் காப்பீடு நாமே எடுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் காசு கட்டும் பெற்றோர் விசாவுக்கு ஆளுக்கு 40,000 டாலருக்கு மேல். கட்டாத வகைக்கு அரசே சொல்லும் காத்திருப்பு 30 வருஷத்தைத் தாண்டும். சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸில் மாதச் சம்பளம் 12,000 டாலர் இருந்தால் பெற்றோரை நீண்டகால அனுமதியில் கூட்டி வரலாம்.

பெற்றோருக்காக ஊர் திரும்ப வேண்டியிருந்தால் பி.ஆர். எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்பதும் நாட்டுக்கு நாடு வேறு. கனடாவில் 5 வருஷத்தில் 730 நாள் இருந்தாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் பயண அனுமதி 5 வருஷம், அதற்குப் பிறகு புதுப்பிக்கப் பொதுவாக 5க்கு 2 வருஷம் அங்கே இருந்திருக்க வேண்டும். ஜெர்மனியில் பொதுவாக 6 மாதம், ப்ளூ கார்டு வழியாக வந்தவர்களுக்கு 12 மாதம் வெளியே இருந்தால் போய்விடும். நியூசிலாந்தின் நிரந்தர விசாவுக்கு மட்டும் திரும்பி வரக் கெடுவே இல்லை. பி.ஆரோடு இந்தியக் குடியுரிமை அப்படியே இருக்கும். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கினால் ஓ.சி.ஐ. அட்டைதான், அதை வைத்துக்கொண்டு ஊரில் விவசாய நிலம் வாங்க முடியாது.

இனி பேப்பர். கன்சல்டன்சிக்குக் கொடுக்கும் காசுக்கு உண்மையிலேயே வேலை இருக்க வேண்டிய இடம் இதுதான், அதிகம் சொதப்புவதும் இங்கேதான். நம்மூரில் சர்நேம் இல்லை. பட்டச் சான்றிதழில் 'கார்த்திக் எம்', பாஸ்போர்ட்டில் 'கார்த்திக் முருகேசன்', சிலருக்குப் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டமே காலி. காலியாக இருந்தால் கனடா ஃபார்மில் முழுப் பெயரையும் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டு, மற்றதைக் காலியாக விட வேண்டும். கன்சல்டன்சி டேட்டா என்ட்ரி ஆள் அப்பா பெயரைத் தானாகச் சேர்த்துவிடுவார், பிறகு பட்டத்தைக் கனடாவுக்காக மதிப்பிடும் டபிள்யூ.இ.எஸ். அமைப்பின் அறிக்கையில் ஒரு பெயர், ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் ஒரு பெயர் என்று நிற்கும். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்ற நோட்டரி அஃபிடவிட்டை டிரான்ஸ்கிரிப்ட் கேட்பதற்கு முன்பே எடுத்து வையுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் சேர்த்த பெண்களுக்குப் பதிவுத் துறையின் திருமணச் சான்று வேண்டும், கோயில் ரசீதும் மண்டபப் பத்திரிகையும் உதவாது.

டிரான்ஸ்கிரிப்ட் பல்கலைக்கழகத்திலிருந்து நேராக, டபிள்யூ.இ.எஸ். குறிப்பெண்ணோடு போக வேண்டும். வேலைச் சான்றில் பதவி, தேதி மட்டும் இருந்தால் போதாது: பார்த்த வேலைகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம் எல்லாம் லெட்டர்ஹெட்டில் வேண்டும். பெரிய ஐ.டி. கம்பெனி எச்.ஆர். அப்படித் தர மறுப்பது வழக்கம். அப்போது மேலாளரோ சக ஊழியரோ முத்திரைத்தாளில் உறுதிமொழி கொடுத்து, கூடவே சாலரி ஸ்லிப், ஃபார்ம் 16, எச்.ஆர். தந்த வெறும் கடிதம் மூன்றையும் சேர்க்க வேண்டும். அரசுத் தளத்தில் இருக்கும் பணி விவரத்தை அப்படியே நகல் எடுத்துப் போடும் கன்சல்டன்சிகள் நிறைய, அதிகாரி அதை முதல் பார்வையிலேயே சந்தேகப்படுவார்.

கனடாவுக்குப் பணக் கையிருப்பு 2025 ஜூலை கணக்கில் தனியாளுக்கு 15,263 டாலர், நாலு பேருக்கு 28,362. வங்கிக் கடிதத்தில் 6 மாதச் சராசரியும் நிலுவைக் கடனும் வரும். நகைக் கடன் வாங்கிக் கடைசி மாதத்தில் நிரப்புவது அங்கேயே தெரிந்துவிடும். வீடு, நகை, மனை எதுவும் எண்ணப்படாது. ஃபிக்சட் டெபாசிட் எண்ணப்படும். அப்பா கொடுத்தால் அன்பளிப்புப் பத்திரமும் அவர் கணக்கு விவரமும் வேண்டும்.

கையெழுத்துப் போடுமுன் ஆலோசகரிடம் கேட்க வேண்டியது உரிம எண். கம்பெனிப் பதிவும் ஜி.எஸ்.டி. எண்ணும் குடிவரவு உரிமம் ஆகாது. கனடாவுக்கு ஆர்.சி.ஐ.சி. (உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகர்), எண் ஆர் எழுத்தில் தொடங்கி ஆறு இலக்கம். ஆஸ்திரேலியாவுக்கு மாரா என்ற குடிவரவு முகவர் அமைப்பின் பதிவு, ஏழு இலக்கம். இரண்டையும் அந்தந்த அமைப்பின் இணையப் பதிவேட்டில் நீங்களே தேடலாம். 'எங்கள் ஆர்.சி.ஐ.சி. டொரன்டோவில் இருக்கிறார்' என்றால் அவரோடு ஒரு வீடியோ கால் கேளுங்கள், பிரதிநிதி ஃபார்மில் அவர் கையெழுத்து இருக்கிறதா பாருங்கள். விண்ணப்பக் கணக்கு உங்கள் சொந்த மின்னஞ்சலில், பாஸ்வேர்டு உங்கள் கையில் இருக்க வேண்டும். அனுபவத்தையோ வேலையையோ அவர்கள் கூட்டி எழுதினாலும் தண்டனை உங்களுக்குத்தான்: கனடா 5 வருஷத் தடை, ஆஸ்திரேலியா 3 வருஷம்.

ஒப்பந்தத்தில் ரீஃபண்ட் பத்தியை முதலில் படியுங்கள். 'கல்வி மதிப்பீடு தொடங்கிய பின் பணம் திரும்பாது' என்று இருக்கும், அது முதல் மாதமே தொடங்கிவிடும். தவணையை அழைப்பு வந்த பிறகு, விண்ணப்பம் போன பிறகு என்று கட்டமாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு இடம் பாருங்கள். விசா மறுக்கப்பட்டவர், விவாகரத்து வழக்கில் குழந்தை உள்ளவர், வேலையில் நீண்ட இடைவெளி உள்ளவர், சொந்தத் தொழில் செய்தவர் ஆகியோருக்கு உரிமம் உள்ள ஆலோசகர் செலவுக்கு உரியவர்தான். ஒரே கம்பெனியில் நேரான வேலை, நேரான பட்டம், தனியாள் என்றால் விண்ணப்பத்தை நீங்களே போடலாம். 2024 ஏப்ரல் 30இல் உயர்ந்த கட்டணப்படி அப்போது கனடா அரசுக்குப் போனது 1,525 டாலர், கைரேகைக்கு 85. பாஸ்போர்ட் அலுவலகத்தின் போலீஸ் சான்றுக்கு 500 ரூபாய். அழைப்பு வந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் ஏற்ற 60 நாள்தான் அவகாசம், அதனால் வேலைச் சான்றும் வங்கிக் கடிதமும் அழைப்புக்கு முன்பே கையில் இருக்கட்டும்.